வெட்டிய காடும் கட்டிய கரையும்: வான்கூவரின் ஸ்டான்லி பூங்கா

கனடாவின் மேற்குக் கரையில் இருக்கும் வான்கூவர் 1886 ஏப்ரல் 6 அன்று முறைப்படி நகரமானது. ஏறத்தாழ ஆயிரம் பேர் வாழ்ந்த மரவீட்டுக் குடியிருப்புதான் அன்றைய நகரம். ஜூன் 13 அன்று பற்றிய தீ ஒரு மணி நேரத்துக்குள் ஊரில் பெரும்பகுதியைச் சாம்பலாக்கியது. அந்தத் தீக்கு ஒரு மாதம் முன்பு, மே 12 அன்று, புதிய நகர மன்றம் தன் முதல் தீர்மானங்களுள் ஒன்றை நிறைவேற்றியது. ஊருக்கு வடமேற்கே கடலுக்குள் நீண்டிருக்கும் தீபகற்பம் படைத்துறைக்காக ஒதுக்கப்பட்ட நிலம். அதைப் பூங்காவாக்கித் தர வேண்டும் என்று ஒட்டாவாவில் இருந்த மத்திய அரசுக்கு மனு அனுப்புவதே அந்தத் தீர்மானம். அடிப்படை வசதிகளே இன்னும் அமையாத ஊர், பூங்கா கேட்டது. 1887இல் அனுமதி கிடைத்தது. 1888 செப்டம்பர் 27 அன்று மேயர் டேவிட் ஓப்பன்ஹைமர் பூங்காவைத் திறந்துவைத்தார். கனடாவின் ஆளுநர் தலைவராக இருந்த ஸ்டான்லி பிரபுவின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. பனி ஹாக்கியின் புகழ்பெற்ற ஸ்டான்லி கோப்பைக்குப் பெயர் தந்தவரும் இவரே.

ஸ்டான்லி பூங்காவின் பரப்பு சுமார் 405 ஹெக்டேர். நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கை விடப் பெரியது. மூன்று பக்கம் கடல், ஒரு பக்கம் நகரம், நடுவில் சீடர், ஹெம்லாக், டக்ளஸ் ஃபர் மரங்கள் அடர்ந்த காடு. சென்ட்ரல் பார்க் மனிதர் வரைந்து, மண் கொட்டி, நட்டு வளர்த்தது என்பது எல்லோருக்கும் தெரியும். ஸ்டான்லி பூங்காவைப் பற்றியோ வேறொரு கதை நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. மனிதக் கை படாத ஆதிக் காட்டை ஒரு நகரம் அப்படியே பாதுகாத்து வைத்திருக்கிறது என்பது அந்தக் கதை. சுற்றுலாக் கையேடுகள் அதைத் திரும்பத் திரும்ப எழுதின. நகரத்தாரும் நம்பினார்கள்.

ஆவணங்கள் அந்தக் கதையை ஏற்பதில்லை. வரலாற்றாளர் ஜீன் பார்மன் 2005இல் வெளியிட்ட ‘ஸ்டான்லி பார்க்ஸ் சீக்ரெட்’ என்ற நூல், பூங்காவுக்குள் வாழ்ந்த குடும்பங்களின் வரலாற்றைத் தோண்டி எடுத்தது. ஷான் கெராஜின் ‘இன்வென்டிங் ஸ்டான்லி பார்க்’ (2013), அதன் காடு எப்படித் திட்டமிட்டு உருவாக்கப்பட்டது என்பதைக் காட்டியது. இந்த இரு திசைகளையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. இந்தப் பூங்காவின் ‘இயற்கை’, இரண்டு வகை உழைப்பால் ஆனது. மனிதர்களை அங்கிருந்து அகற்றியது ஒன்று. அகற்றியபின் காட்டையும் கரையையும் இயற்கைபோலத் தோன்றும்படி பராமரித்து வருவது மற்றொன்று. இரண்டையும் அறிந்து பார்ப்பவருக்கே பூங்கா முழுமையாகத் தெரியும்.

நில வணிகமும் நல்லெண்ணமும்

பூங்கா கேட்ட தீர்மானத்தை முன்மொழிந்தவர் லாக்லன் ஹாமில்டன். நகர மன்ற உறுப்பினரான அவர், கனடியன் பசிபிக் ரயில்வேயின் நில அளவையாளரும்கூட. கண்டத்தின் கிழக்கிலிருந்து மேற்குக் கரை வரை தண்டவாளம் போட்ட அந்த நிறுவனத்துக்கு, ரயில் வருவதற்கு ஈடாக வான்கூவரில் சுமார் 6,000 ஏக்கர் நிலம் கிடைத்திருந்தது. பூங்கா யோசனையை முன்னெடுத்தவர்களில் இன்னொருவரான ஆர்தர் வெலிங்டன் ராஸ், நிலம் வாங்கி விற்பவர். தீபகற்பம் முழுவதும் மனைகளாகச் சந்தைக்கு வந்தால் மற்ற மனைகளின் விலை இறங்கும். அதைப் பூங்காவாக நிறுத்திவைத்தால் ஏறும். பூங்காவின் பிறப்பில் இந்தக் கணக்குக்கும் பங்கு உண்டு என்று வரலாற்றாளர்கள் கருதுகிறார்கள்.

இதைச் சொல்வதால் அந்த முடிவின் மதிப்பு குறைந்துவிடாது. நில வணிகர்கள் தம் லாபத்துக்காகச் செய்த ஒன்று, பின்வந்த தலைமுறைகளுக்குப் பொதுச் சொத்தாக நிலைத்தது. நிலம் இன்றும் மத்திய அரசினுடையது. 1908இல் 99 ஆண்டுக் குத்தகையாக நகரத்துக்குத் தரப்பட்டது, புதுப்பித்துக்கொள்ளும் உரிமையுடன். அதை நிர்வகிக்கும் பூங்கா வாரியத்தின் உறுப்பினர்களை 1890 முதல் நகரத்தார் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுத்து வருகிறார்கள். பூங்காவுக்கென்று தனித் தேர்தல் நடத்தும் நகரங்கள் உலகில் அரிது.

நிலம் யாருக்கும் சொந்தமில்லாத வெறுங்காடாக இருந்தது என்ற எண்ணம்தான் இந்த ஏற்பாடு முழுவதற்கும் அடிப்படை. அந்த எண்ணம் தவறானது.

சிப்பிச் சாலை

பூங்காவின் வடகிழக்குக் கரையில் இன்று லம்பர்மென்ஸ் ஆர்ச் என்று ஒரு மரவளைவு நிற்கிறது. எதிரே பரந்த புல்வெளி, குழந்தைகள் விளையாடும் நீர்த்திடல். இந்தப் புல்வெளியில்தான் க்வைக்வை என்ற ஊர் இருந்தது. ஸ்குவாமிஷ், மஸ்குவியம், ட்ஸ்லேய்ல்-வாட்டூத் ஆகிய மூன்று பழங்குடிச் சமூகங்களின் வாழ்விடப் பரப்பில் உள்ள இடம் இது. சீடர் பலகைகளால் கட்டிய நெடுவீடுகள் அங்கே இருந்தன. அவற்றுள் ஒன்று சுமார் 60 மீட்டர் நீளம் என்று பதிவாகியிருக்கிறது. தலைவர் தன் செல்வத்தை விருந்தினர்களுக்கு வாரி வழங்கும் பாட்லாட்ச் என்னும் பெருவிழா 1875இல்கூட அங்கே நடந்தது. பூங்கா திறப்புக்கு வெறும் பதின்மூன்று ஆண்டு முந்தைய நிகழ்ச்சி இது. 1792இல் ஜார்ஜ் வான்கூவர் என்ற கப்பல் தலைவர் இந்த நீர்வழியாக வந்தபோது, படகுகளில் வந்து அவரை எதிர்கொண்டவர்கள் இந்தக் கரைகளில் வாழ்ந்த மக்கள். நகரத்துக்குப் பெயர் அந்தக் கப்பல் தலைவருடையது.

தலைமுறை தலைமுறையாகச் சிப்பியும் மட்டியும் உண்டு வாழ்ந்த ஊரில் ஓடுகள் மலையாகக் குவியும். க்வைக்வையிலும் பல ஏக்கர் பரப்பில் சிப்பி மேடு இருந்தது. தொல்லியலாளருக்கு அது ஓர் ஆவணக் காப்பகம். மக்கள் என்ன உண்டார்கள், என்ன கருவி செய்தார்கள், எத்தனை காலம் தங்கினார்கள் என்பதை அடுக்கடுக்காகச் சொல்லக்கூடியது. 1888இல் பூங்காவைச் சுற்றிச் சாலை போட வந்தவர்களின் கண்ணில் அது மலிவான கட்டுமானப் பொருளாகப் பட்டது. மேட்டைத் தோண்டி, சிப்பி ஓடுகளை அள்ளி, சாலையின் மேற்பரப்பில் பரப்பினார்கள். புதுச் சாலை வெள்ளை வெளேரென்று மின்னியது. திறப்பு விழாவுக்கு வண்டிகளில் வந்த நகரப் பெருமக்கள், ஓர் ஊரின் பல நூற்றாண்டு வாழ்வின் எச்சத்தின் மேல்தான் ஏறிப் போனார்கள்.

விழா நடந்த இடத்தின் பெயர் சாய்தூஸ். அதுவும் ஓர் ஊர். அங்கே ஆகஸ்ட் ஜாக் காட்சலானோ என்ற ஸ்குவாமிஷ் சிறுவனின் குடும்பம் வாழ்ந்தது. பிற்காலத்தில் தன் மக்களின் தலைவர்களில் ஒருவராக மதிக்கப்பட்ட அவர், நகர ஆவணக் காப்பாளர் மேஜர் மேத்யூஸிடம் அந்த நாளை நினைவுகூர்ந்திருக்கிறார். வீட்டுக்குள் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வெளியே வெட்டும் சத்தம் கேட்டது. சாலை அளக்க வந்தவர்கள் வீட்டின் மூலையை வெட்டிக்கொண்டிருந்தார்கள், சாலைக் கோடு வீட்டின் வழியே போனதால். சகோதரி வெளியே போய், யாருடைய சாலை என்று விசாரித்தார். அவர்களுடைய தந்தை சப்பிள் ஜாக்கின் சமாதியும் அதே இடத்தில் இருந்தது. அதையும் பெயர்த்து வேறிடம் கொண்டுபோக வேண்டியதாயிற்று. இந்தக் குடும்பத்தின் பெயரைத்தான், உருமாறிய வடிவில், வான்கூவரின் கிட்சிலானோ என்ற வசதியான குடியிருப்புப் பகுதி இன்று தாங்கி நிற்கிறது.

எதிர்பாராமல் நேர்ந்த தவறாக இதைக் கடந்துவிட முடியாது. பூங்கா தொடங்கிய காலத்திலேயே ஆண்டர்சன் முனையில் இருந்த சீனத் தொழிலாளர் குடிசைகளும் தீவைத்து அகற்றப்பட்டன. காட்டில் மனிதர் இருக்கக் கூடாது. இருந்தால் அது காடு ஆகாது. இந்த எண்ணமே அரை நூற்றாண்டுக்கு மேல் பூங்காவின் கொள்கையாக நீடித்தது.

அறுபது ஆண்டு அனுபோகம்

பூங்காவுக்குள் ப்ராக்டன் முனையில் கலப்புக் குடும்பங்கள் வாழ்ந்தன. அசோரஸ் தீவுகளிலிருந்து வந்த போர்த்துகீசியரான ஜோ சில்வி, ஸ்குவாமிஷ் தலைவர் குடும்பத்துப் பெண்ணான கால்டினாட்டை மணந்து அங்கே குடியேறியவர்களில் ஒருவர். ஸ்காட்லாந்தியர், போர்த்துகீசியர் எனப் பலரும் உள்ளூர்ப் பெண்களை மணந்து வீடு கட்டி, மீன் பிடித்து, பழமரம் நட்டு வாழ்ந்தார்கள். கோல் ஹார்பர் பக்கம் ஹவாய் தீவினரின் குடியிருப்பு ஒன்றும் இருந்தது. பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் அங்கேயே பிறந்தார்கள்.

1923இல் இவர்களை வெளியேற்ற நகரமும் மத்திய அரசும் நீதிமன்றம் சென்றன. சட்டக் கேள்வி சுருக்கமானது. அரசு நிலத்தில் தொடர்ந்து 60 ஆண்டுகள் அனுபோகத்தில் இருந்ததாக நிரூபித்தால் நிலம் அவர்களுக்கு. இல்லையேல் அவர்கள் ஆக்கிரமிப்பாளர்கள். நம் ஊர்ப் புறம்போக்கு வழக்குகளை அறிந்தவர்களுக்கு இதன் சிக்கல் உடனே விளங்கும். பட்டா, பத்திரம் என்று எதுவும் இல்லாத காலத்தில் குடியேறியவர்கள், எந்த ஆண்டில் வேலி போட்டோம் என்று எதைக் காட்டி நிரூபிப்பார்கள்? ஊரின் வயதான பழங்குடியினர் சாட்சி சொன்னார்கள். அவர்களுடைய நினைவில் ஆண்டுகள் நாட்காட்டி எண்களாக இருக்கவில்லை. பெருந்தீ, பெரியம்மை, இன்னாருடைய திருமணம் என்று நிகழ்ச்சிகளோடு சேர்ந்திருந்தன. நீதிமன்றம் எண் கேட்டது.

மேல்முறையீடுகளைத் தாண்டி வழக்கு கனடாவின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1925இல் குடும்பங்கள் தோற்றன. க்வைக்வையில் வாழ்ந்த, ஊரார் ஆண்ட் சாலி என்று அழைத்த மூதாட்டியின் உரிமை மட்டும் நிலைநாட்டப்பட்டது. மற்றவர்கள் சொந்த வீட்டிலேயே மாதம் ஒரு டாலர் வாடகைதாரர்கள் ஆனார்கள். 1931இல் அவர்களும் வெளியேற்றப்பட்டு வீடுகள் கொளுத்தப்பட்டன. டிம் கம்மிங்ஸ் என்பவருக்கு மட்டும் ஆயுள் வரை தங்கிக்கொள்ள அனுமதி கிடைத்தது. 1958இல் அவர் இறந்தார். பூங்காவின் கடைசிக் குடியிருப்பு அத்துடன் முடிந்தது.

இதே காலத்தில் அதே பூங்கா வேறொரு வகையில் பழங்குடிப் பண்பாட்டைப் போற்றியது என்பது கூர்ந்து நோக்க வேண்டிய முரண். மோஹாக் மரபில் வந்த கவிஞர் பாலின் ஜான்சன், ஸ்குவாமிஷ் தலைவர் ஜோ கபிலானோவிடம் கேட்ட கதைகளை 1911இல் நூலாக்கியவர். அவர் 1913இல் இறந்தபோது அவரது சாம்பல் பூங்காவுக்குள் மரியாதையோடு அடக்கம் செய்யப்பட்டது. 1922இல் நினைவுச் சின்னமும் எழுந்தது. அடுத்த ஆண்டே உயிரோடிருந்த குடும்பங்கள் மீது வழக்கு வந்தது. 1920களிலேயே குலக்குறித் தூண்களை வாங்கிப் பூங்காவில் நிறுத்தும் வேலையும் தொடங்கியது. அந்தத் தூண்கள் வடக்கே பல நூறு கிலோமீட்டர் தொலைவில் வாழும் குவாக்வாகாவாக்வ் போன்ற மக்களுடையவை. இந்தக் கரையின் மக்கள் வீட்டுத் தூண்களும் வரவேற்புச் சிற்பங்களும் செதுக்கியவர்கள். அத்தகைய உயர்ந்த தூண்களை நடும் வழக்கம் அவர்களிடம் இல்லை. உள்ளூர்க்காரரின் வீட்டை எரித்துவிட்டு, அதே முனையில் தொலைவூர்க்காரரின் கலையைக் காட்சிக்கு வைத்தது பூங்கா. இன்று அங்கே அதிகம் புகைப்படம் எடுக்கப்படும் இடம் அதுதான்.

காடு என்னும் பராமரிப்பு

மனிதர்களை அகற்றியபின் மிஞ்சிய காடாவது ஆதிக் காடுதானா? அதுவும் இல்லை. 1860களிலிருந்து 1880கள் வரை மரவெட்டு நிறுவனங்கள் இந்தத் தீபகற்பத்தில் வேலை செய்தன. மிகப் பெரிய மரங்களைத் தேர்ந்து வெட்டி, எருதுகளைப் பூட்டி இழுத்துக் கடலில் சேர்த்தார்கள். அப்படி இழுத்த தடங்களில் சில, பின்னாளில் பூங்காவின் நடைபாதைகளாயின. காட்டுக்குள் இன்றும் பெரிய அடிமரக் கட்டைகள் நிற்கின்றன. அருகில் போய்ப் பார்த்தால், தரையிலிருந்து ஆளுயரத்தில் பக்கவாட்டில் இரு பொளிகள் தெரியும். அடிமரத்தின் பருமனுக்கு மேலே கோடாலி வீச, மரவெட்டிகள் பலகை செருகி நின்ற பொளிகள் அவை. அந்தக் கட்டையின் தலையிலேயே விதை விழுந்து வேர்விட்ட ஹெம்லாக் மரங்கள், இன்று அதை வேரால் கட்டிப் பிடித்துக்கொண்டு வானுயர்ந்து நிற்கின்றன. வெட்டிய காட்டின் மேல் எழுந்த காடு இது.

பூங்கா வாரியம் அந்தக் காட்டை அப்படியே விட்டுவிடவும் இல்லை. பட்ட மரங்கள் பார்வைக்கு அழகில்லை என்று வெட்டப்பட்டன. பூச்சித் தாக்குதல் வந்தபோது மத்திய அரசின் பூச்சியியலாளர்கள் அழைக்கப்பட்டார்கள். ஹெம்லாக்கைக் குறைத்து டக்ளஸ் ஃபர் நடுவதே நல்லது என்ற ஆலோசனை நடைமுறைக்கு வந்தது. 1930இல் விமானத்திலிருந்தே மருந்து தூவினார்கள். புல்வெளிக்கும் பூச்செடிக்கும் காட்டின் பகுதிகள் திருத்தப்பட்டன. நியூயார்க்கிலிருந்து வரவழைத்த சாம்பல் அணில்கள் விடப்பட்டன. முதல் பூங்காக் கண்காணிப்பாளர் கட்டிவைத்த ஒரு கரடியில் தொடங்கி ஒரு மிருகக்காட்சி சாலையே வளர்ந்தது. 1993இல் நகரத்தார் வாக்களித்து அதை மூட முடிவு செய்தார்கள். அங்கிருந்த கடைசிப் பனிக்கரடி 1997இல் இறந்தது.

நீரும் இதற்கு விலக்கல்ல. பூங்கா வாசலில் வாத்துகள் நீந்தும் லாஸ்ட் லகூன் ஏரி, முன்பு கோல் ஹார்பரின் நுனியாக இருந்தது. ஓதம் ஏறினால் நீர் நிற்கும், வடிந்தால் சேறு தெரியும். 1916ஐ ஒட்டி அதன் குறுக்கே சாலைக்கரை எழுப்பிக் கடலிலிருந்து பிரித்தார்கள். பிறகு அது நன்னீர் ஏரியாக்கப்பட்டது. 1938இல் திறக்கப்பட்ட லயன்ஸ் கேட் பாலத்துக்கான சாலை பூங்காவை நடுவாகப் பிளந்து செல்கிறது. 1927இல் நடந்த வாக்கெடுப்பில் பாலம் வேண்டாம் என்றார்கள் நகரத்தார். பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையில்லாத் திண்டாட்டம் முற்றியிருந்த 1933இல் அதே கேள்விக்குச் சரி என்றார்கள். காட்டைப் பற்றிய கருத்து, வயிற்றைப் பொறுத்து மாறியது.

காற்றும் பூச்சியும் மட்டும் யார் சொல்லையும் கேட்கவில்லை. 1962 அக்டோபரில் ஃப்ரீடா புயல் சுமார் 3,000 மரங்களைச் சாய்த்தது. 2006 டிசம்பர் 15 விடியலில் வீசிய புயல், ஒரே இரவில் சுமார் 10,000 மரங்களை வீழ்த்தியது. 41 ஹெக்டேர் காடு படுத்துவிட்டது. நகரத்தார் உறவினரை இழந்ததுபோலத் துக்கப்பட்டார்கள், நன்கொடை குவிந்தது. நூற்றுக்கணக்கான ஆண்டு வயதுள்ள ஹாலோ ட்ரீ என்னும் பொந்து மரம் சாய்ந்து நின்றது. உயிரற்ற அந்தச் சீடர் கட்டையை அகற்ற 2008இல் வாரியம் முடிவெடுத்தது. மக்கள் எதிர்த்தார்கள். முடிவில் உலோகச் சட்டம் கொடுத்து அது நிமிர்த்தப்பட்டது.

2019 முதல் ஹெம்லாக் லூப்பர் என்ற அந்துப்பூச்சியின் புழுக்கள் மரங்களின் இலைகளைத் தின்றன. அது வெளியிலிருந்து வந்த பூச்சி அல்ல. இந்தக் காட்டுக்கே உரியது, பல ஆண்டு இடைவெளியில் பெருகித் தணிவது. வறண்ட கோடைகளில் ஏற்கெனவே நலிந்திருந்த மரங்கள் அதைத் தாங்கவில்லை. பூங்காவின் மரங்களில் ஏறத்தாழ கால்பங்கு, அதாவது 1,60,000 மரங்கள் பாதிக்கப்பட்டதாக மதிப்பிடப்பட்டது. 2023இல் பட்ட மரங்களை வெட்டும் பணி தொடங்கியது. காய்ந்த மரங்கள் தீப்பிடிக்கும், நடப்பவர்மேல் விழும் என்றது நகர நிர்வாகம். இத்தனை வேகமாக இவ்வளவு வெட்ட வேண்டுமா என்று ஒரு சாரார் நீதிமன்றம் வரை சென்றார்கள். இயற்கையை அதன் போக்கில் விடுவதா, கைவைத்துக் காப்பதா என்பது இங்கே நூறு ஆண்டுக்கு மேலாக ஓயாத வாதம். காடு மனிதக் கை படாதது என்ற நம்பிக்கையோடு இந்த வாதத்தில் இறங்குபவர்கள் ஒவ்வொரு கோடாலிச் சத்தத்தையும் துரோகமாகவே கேட்பார்கள். அதன் வரலாறு தெரிந்தவர்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: எந்த மரத்தை, எதற்காக, வெட்டியபின் அந்த இடத்தில் எதை நடுவதற்காக?

கல் மேல் கல்

பூங்காவைச் சுற்றி வரும் கடற்சுவரின் நீளம் சுமார் 9 கிலோமீட்டர். ஊரார் ஸீவால் என்பார்கள். ஒரு பாதை நடப்பவர்களுக்கு, இன்னொன்று சைக்கிளுக்கு. சைக்கிள்காரர்கள் இடஞ்சுழியாக மட்டுமே ஓட்டலாம் என்பது விதி. காலையில் ஓட வருபவர்கள், தள்ளுவண்டியில் குழந்தையோடு வருபவர்கள், கைகோத்து நடக்கும் முதியவர்கள் என்று நகரம் முழுவதும் இங்கே கூடுகிறது.

சுவரின் தொடக்கம் உலாவுக்காக அல்ல. ஃபர்ஸ்ட் நேரோஸ் என்னும் குறுகிய கடல்வாய் வழியே போகும் கப்பல்களின் அலைகள் கரையை அரித்தன. அரிப்பைத் தடுக்க 1917இல் வேலை தொடங்கியது. 1931இல் அதன் பொறுப்புக்கு வந்தவர் ஜிம்மி கன்னிங்ஹாம் என்ற கல் கொத்தனார். அடுத்த 32 ஆண்டுகள் அவர் வாழ்க்கை அந்தச் சுவரில்தான் கழிந்தது. ஓதம் வடிந்திருக்கும் நேரத்தில் மட்டுமே அடித்தளம் போட முடியும். எனவே வேலைநேரத்தைக் கடல்தான் தீர்மானித்தது. கையால் தூக்கக்கூடிய, சுமார் 45 கிலோ எடையுள்ள கருங்கல் துண்டுகள் ஒவ்வொன்றாக அடுக்கப்பட்டன. நகரத் தெருக்களிலிருந்தும் டிராம் பாதைகளிலிருந்தும் பெயர்த்தெடுத்த கற்களும் சேர்ந்தன. பெருமந்தக் காலத்தில் நிவாரண வேலைக்கு வந்த வேலையற்றோர் பலர் இங்கே கல் சுமந்தார்கள்.

கன்னிங்ஹாம் 1963இல் இறந்தபோது சுவர் முடிந்திருக்கவில்லை. சிவாஷ் பாறைக்கு அருகே அவருக்கு ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. அவருடைய சாம்பலும் அங்கேயே வைக்கப்பட்டது. 1971இல் சுற்று நிறைவடைந்ததாக அறிவிக்கப்பட்டது. பாதை முழுவதும் தளமிட்டு முடிய 1980 ஆயிற்று.

இந்தச் சுவரை நான் மனமாரப் போற்றுகிறேன். பணக்காரர் வீட்டு முற்றமாகப் போயிருக்கக்கூடிய கடற்கரையை, யாரும் கட்டணமின்றிச் சுற்றிவரும் பொதுவழியாக்கியது அது. ஆனால் சுவருக்கு விலையும் உண்டு. கரை மெல்லச் சரிந்து கடலில் கலக்கும் இடத்தில்தான் நண்டும் மட்டியும் சிறுமீனும் பெருகும். செங்குத்தாகச் சுவர் எழுந்தால் அந்த இடைவெளி மறைகிறது. அலை சுவரில் மோதித் திரும்பி அடிமணலை இழுத்துச் செல்கிறது. சிப்பி மேடு குவியும் அளவுக்கு உணவு தந்த கரை அப்படித்தான் மெலிந்தது. 2022 ஜனவரியில் பேரோதமும் புயலும் ஒன்றுசேர்ந்தபோது, மேற்குப் பக்கச் சுவரின் பகுதிகள் உடைந்து பாதை மூடப்பட்டது. கடல்மட்டம் உயரும் காலத்தில் கன்னிங்ஹாமின் சுவரை அதே உயரத்தில் காப்பாற்றிக்கொண்டிருக்க முடியாது. உயர்த்துவதா, சில இடங்களில் பின்வாங்கிக் கடலுக்கு வழிவிடுவதா என்று நகரம் முடிவெடுத்தாக வேண்டும்.

நினைவின் வரிசை

பூங்காவுக்குள் ஜப்பானியக் கனடியர் போர் நினைவுத்தூண் ஒன்று இருக்கிறது. முதல் உலகப் போரில் கனடாவுக்காகப் போரிட 222 ஜப்பானிய வம்சாவளியினர் முன்வந்தார்கள். 54 பேர் மடிந்தார்கள். 1920இல் எழுப்பிய தூணின் உச்சியில் அணையா விளக்கு வைத்தார்கள். 1942இல் அதே நாடு, சுமார் 22,000 ஜப்பானியக் கனடியர்களைக் கரையோரத்திலிருந்து வெளியேற்றி முகாம்களுக்கு அனுப்பியது. விளக்கும் அணைக்கப்பட்டது. அது மீண்டும் ஏற்றப்பட்டது 1985இல். பூங்காவின் கிழக்குக் கரைக்கு எதிரே விரியும் துறைமுக நீரில்தான் 1914 மே 23 அன்று கோமகாட்டா மாரு கப்பல் வந்து நின்றது. பெரும்பாலும் பஞ்சாபியரான 376 பயணிகள், இரண்டு மாதம் கரையைப் பார்த்தபடி கப்பலிலேயே அடைபட்டிருந்தார்கள். ஏறத்தாழ எல்லோரும் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பூங்காவிலிருந்து பார்த்தால் தெரியும் எதிர்க்கரையில் அவர்களுக்கு இன்று நினைவிடம் இருக்கிறது. கரையில் இருந்தவர்களை அகற்றியதும் கடலில் வந்தவர்களைத் தடுத்ததும் ஒரே காலத்தின், ஒரே மனநிலையின் செயல்கள்.

கடந்த இருபது ஆண்டுகளில் திருத்தம் தொடங்கியிருக்கிறது. 2008இல் மஸ்குவியம் கலைஞர் சூசன் பாயின்ட் செதுக்கிய மூன்று வாயில்கள், குலக்குறித் தூண்களுக்கு அருகே எழுந்தன. இந்தக் கரையின் சொந்தக் கலைக்கு அங்கே இடம் கிடைத்தது. 2009இல் ஸ்குவாமிஷ் சிற்பி ராபர்ட் யெல்டன் செதுக்கிய தூண் நிறுவப்பட்டது. அவருடைய தாய் ரோஸ், ப்ராக்டன் முனைக் குடியிருப்பில் வாழ்ந்தவர்களில் கடைசியாக எஞ்சியிருந்தவர். 2015இல் ஜோ சில்வியின் வழித்தோன்றலான லூக் மார்ஸ்டன், தன் முன்னோருக்கு அங்கே வெண்கலச் சிற்பம் வைத்தார். பூங்காவின் எதிர்காலத் திட்டத்தை மூன்று பழங்குடி அரசுகளோடு சேர்ந்து வகுக்கப் பூங்கா வாரியம் ஒப்புக்கொண்டிருக்கிறது. 2010இல் பூங்காவுக்கு க்வைக்வை என்று பெயரிடும் யோசனை வந்தபோது மத்திய அரசு மறுத்துவிட்டது.

சிலை வைப்பது எளிது. அதிகாரத்தைப் பங்கிடுவது கடினம். எந்த மரத்தை வெட்டுவது, சுவரை எங்கே உயர்த்துவது, சிப்பி மேட்டின் எஞ்சிய பகுதியை யார் பாதுகாப்பது என்ற முடிவுகளில் அந்த மூன்று சமூகங்களுக்கும் சம உரிமை கிடைக்கும்போதுதான் திருத்தம் முழுமையாகும் என்பது என் துணிபு.

வான்கூவர் செல்லும் வாசகர்கள் பெரும்பாலும் ஒரு பகல் ஒதுக்கி இந்தப் பூங்காவைச் சுற்றுவார்கள். தூண்களுக்கு முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள், தவறில்லை. எந்தத் தூண் யாருடையது என்று பலகையைப் படித்துவிட்டு எடுங்கள். லம்பர்மென்ஸ் ஆர்ச் புல்வெளியில் அமரும்போது அங்கே ஓர் ஊர் இருந்தது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். காட்டுக்குள் சற்று நடந்து, பொளி விழுந்த ஓர் அடிமரத்தையாவது தேடிப் பாருங்கள். ஒரு பொது நிலத்தை 130 ஆண்டுகளுக்கு மேலாக விற்காமல் காத்த நகரத்தைப் பாராட்டுவதும், அந்த நிலம் எப்படிக் கிடைத்தது என்று கேட்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. பூங்காவை நேசிப்பவர் இரண்டையும் செய்ய வேண்டும்.